வல்லான் வகுத்த வாய்க்கால்

குறும்பும் சூழ்ச்சியும் மிகுந்த பிள்ளையைப் பார்த்து, “சரியான எம்டன்!” என்று எங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்வதுண்டு. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒருநாள் சமூக அறிவியல் வகுப்பில் எழுந்தது. ‘எமன்’ என்பதுதான் திரிந்து எம்டன் ஆயிற்று என்று எங்களில் பலர் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு மாரி பொழிந்தது. ஏறத்தாழ 130 குண்டுகள். எல்லாம் அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. சில உயிர்கள் போயின. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டு ஓடினர். ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் மூண்ட சண்டையில் சென்னைவாசிக்கு என்ன பங்கு? அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு புதிய சொல்தான்.

கோவிலம்பாக்கத்திலிருந்து கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டிச் சென்றால் கடல் வெகு தொலைவில் இல்லை. நாங்கள் அங்கே போவது சுண்டல் தின்னவும் அலையில் கால் நனைக்கவும்தான். அந்தக் கடல் யாருடையது, அதில் யார் கப்பல் ஓட்டலாம், யார் தளம் அமைக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் யார் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அக்டோபர் 24ஆம் நாள் ஐக்கிய நாடுகள் தினத்தை ஒட்டி எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றமே எங்களை நினைக்க வைத்தது. தலைப்பு: ‘உலகை ஆள்வது விதியா, வலிமையா?’ (விதி என்றதும் தலைவிதி என்று எண்ணி, ஒரு தோழி ஜாதகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்துவிட்டாள். அதை இப்போது விட்டுவிடுவோம்.)

விதியின் பக்கம் பேச வந்தவர்களுக்குப் பாடநூல் துணை நின்றது. இரண்டாம் உலகப் போரின் சாம்பலிலிருந்து 1945ஆம் ஆண்டு ஐ.நா. சபை பிறந்தது, பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் அங்கே ஒரு வாக்குதான், இனிப் படை கொண்டு அயல்நாட்டைப் பறிப்பது குற்றம். கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் அதே பாடத்தில் அடுத்த பத்தியிலேயே பாதுகாப்புச் சபை வருகிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு என ஐந்து நாடுகளுக்கு மட்டும் அங்கே இரத்து அதிகாரம், அதாவது வீட்டோ. ஐவரில் ஒருவர் வேண்டாம் என்றால் போதும். மற்ற எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும் செல்லாது. ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்று நம்மவர் சொன்னது வயல் வாய்க்காலுக்கு மட்டுமன்று போலும்.

எங்கள் கடலுக்கும் இப்படி ஒரு வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள் என்பதைப் பட்டிமன்றத்திற்குப் படிக்கும்போதுதான் அறிந்தோம். வெட்டப் பார்த்தவர் வல்லவர் அல்லர் என்பதே அதன் சிறப்பு. அன்று திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த சின்னஞ்சிறு இலங்கை, இந்துமாக்கடலை ‘அமைதி மண்டலம்’ என அறிவிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. வல்லரசுகள் இக்கடலில் தங்கள் படைத்தளங்களைப் பெருக்கக் கூடாது. இருப்பனவற்றையும் அகற்ற வேண்டும். அணு ஆயுதங்கள் இங்கே வரக் கூடாது என்பதே அதன் கருத்து. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அது நிறைவேறியது. ஆதரவாக 61 நாடுகள். எதிர்ப்பாக ஒரு நாடுகூட இல்லை. வாக்களிக்காமல் ஒதுங்கிய நாடுகள் 55. ஒதுங்கியவை யாவை என்று பார்த்தால் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்சு முதலியன. அகற்ற வேண்டிய கப்பல்களுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள்தாம்.

அந்த நாளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 1971 டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து வங்கதேசம் விடுதலை பெற்ற அதே நாள். அப்போது அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையைச் சேர்ந்த, அணுசக்தியால் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பலான ‘எண்டர்பிரைஸ்’ வங்காள விரிகுடாவிற்குள் வந்திருந்தது, இந்தியாவை மிரட்ட. அதைத் தொடர்ந்து சோவியத் கப்பல்களும் புறப்பட்டிருந்தன. நியூயார்க்கில் ‘இது அமைதிக் கடல்’ என்று தீர்மானம் படிக்கப்பட்டபோது, கடலில் இரண்டு வல்லரசுகளின் கப்பல்களும் ஒன்றையொன்று கண்காணித்துக் கொண்டிருந்தன.

இவ்விடத்தில் வலிமை அணியினர் மேசையைத் தட்டி வெற்றி முழக்கம் செய்தனர். எங்களுக்கோ வேறொரு முள் தைத்தது. அந்த மாதத்தில் போரை நிறுத்தும்படி பாதுகாப்புச் சபையில் வந்த தீர்மானங்களைச் சோவியத் ஒன்றியம் மூன்று முறை வீட்டோவால் தடுத்தது. தடுத்தது நமக்காக. டிசம்பர் 7ஆம் நாள் பொதுச்சபையில் 104 நாடுகள் போர் நிறுத்தம் கோரி வாக்களித்தன, எதிர்த்தவை 11, ஒதுங்கியவை 10. அந்தப் பதினொன்றில் நாமும் ஒருவர். உலகத்தின் பெரும்பான்மை நிறுத்தச் சொன்னபோது நாம் நிறுத்தவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்திருந்தார்கள். கிழக்கு வங்கத்தில் நடந்த கொலைகளை நிறுத்த எந்த விதியும் முன்வரவில்லை. நாம் செய்தது தவறு என்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் மனம் வரவில்லை. ஆனாலும், வீட்டோ நமக்கு உதவியபோது கைதட்டிவிட்டு, பிறருக்கு உதவும்போது மட்டும் அதைப் பழிப்பது நியாயமாகுமா? இதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. விதி வாய் மூடி நின்ற இடத்தில்தான் வலிமை நியாயத்தின் வேடம் அணிகிறது. சில வேளை அது வேடமாக இல்லாமல் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அதுதான் தொல்லை.

அமைதி மண்டலத்தின் கதை பிறகு என்னவாயிற்று? கொழும்பில் 1981ஆம் ஆண்டு ஒரு மாநாடு கூட்டுவதென்று முடிவு செய்தார்கள். அது தள்ளிப்போய், மறுபடி தள்ளிப்போய், கடைசி வரை கூடவேயில்லை. ஆனால் டியேகோ கார்சியாவில் கட்டடங்கள் மட்டும் தள்ளிப்போகாமல் எழுந்தன.

டியேகோ கார்சியா எங்கே இருக்கிறது என்று சிஸ்டர் கேட்டபோது வகுப்பே விழித்தது. எங்கள் சுவர்ப்படத்தில் அத்தீவு அச்சாகவே இல்லை. மாலத்தீவுக்குத் தெற்கே வெறும் நீல நிறம். சிஸ்டர் நாற்காலி மீதேறிப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். சாகோஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரியது அது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தனர். பிரிட்டன் 1965ஆம் ஆண்டு அத்தீவுகளை மொரீஷியசிலிருந்து பிரித்தெடுத்தது. மறு ஆண்டே படைத்தளத்திற்காக அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்தது. 1968 முதல் 1973 வரை அம்மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களும் கொல்லப்பட்டன. மனித உரிமைப் பிரகடனம் 1948ஆம் ஆண்டே வந்துவிட்டது என்பதையும், அதை வரைந்து வாக்களித்தவர்களில் இவ்விரு நாடுகளும் உண்டு என்பதையும் எங்கள் தோழி ஒருத்தி எழுந்து நினைவூட்டினாள். 2019ஆம் ஆண்டு பன்னாட்டு நீதிமன்றம், பிரிட்டன் அத்தீவுகளை விட்டு விரைவில் நீங்க வேண்டும் என்று கருத்துரைத்தது. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன. எதிர்த்தவை ஆறே ஆறு. ஆறு மாதம் கெடுவும் வைத்தார்கள். கெடு வந்தது, போயிற்று. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் தீவுகளை மொரீஷியசுக்கு அளிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதிலும் படைத்தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகை.

இது எங்கோ உள்ள தீவின் கதை என்று எண்ண வேண்டாம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் ஒரு மீன்பிடிப் படகில் தென்னிந்தியக் கரையிலிருந்து புறப்பட்டனர். கனடா செல்வது அவர்கள் எண்ணம். நடுக்கடலில் படகு பழுதாகவே, பிரிட்டிஷ் கடற்படை அவர்களைக் காப்பாற்றி டியேகோ கார்சியாவில் சேர்த்தது. அதுவரை நல்ல காரியம்தான். அத்தீவிலேயே அவர்கள் அடைக்கலம் கேட்டார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டுள்ளது. ஆனால் அவ்வுடன்படிக்கை அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்று அந்நாடு வாதித்தது! குழந்தைகள் உட்பட அத்தமிழர்கள் வேலியிட்ட சிறு இடத்தில், எலிகள் நடமாடும் கூடாரங்களில் வைக்கப்பட்டனர். ஒரு நாள், ஒரு வாரம் அன்று, மூன்று ஆண்டுகள். அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகச் சிறை வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கு நடந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் நீதிபதி அத்தீவுக்கு நேரில் சென்று விசாரிக்க ஏற்பாடாயிற்று. அமெரிக்கா பாதுகாப்பைக் காரணம் காட்டி இசைவைத் திரும்பப் பெற்றது, விசாரணை தள்ளிப்போயிற்று. நீதிபதிக்கே அனுமதி மறுக்கப்படும் இடத்தில், கூடாரத்தில் கிடக்கும் குழந்தைக்கு எந்த விதி துணை வரும்?

எங்கள் வகுப்பில் ஒரு தோழியின் பாட்டி 1990ஆம் ஆண்டு மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு பல இடம் மாறி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். பட்டிமன்றத்திற்குக் குறிப்பு எடுக்க நாங்கள் நான்கு பேர் அவர் வீட்டிற்குப் போயிருந்தோம். தேநீர் கொடுத்துவிட்டு, நாங்கள் எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “பிள்ளையள், எங்களை இஞ்ச ஏத்தினது சட்டமில்லை, தயவு. தயவு நல்லதுதான், நான் குறை சொல்லேல்லை. ஆனா தயவு எத்தனை நாளைக்கு இருக்குமெண்டு ஆருக்கும் தெரியாது.” அவர் சொன்னதன் பொருள் பிறகே எங்களுக்குப் புரிந்தது. நம் நாடு அகதிகளுக்கு உணவும் இடமும் கொடுத்திருக்கிறது. தமிழக அரசு உதவித்தொகை கொடுக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகையால் அவர்கள் பெறுவது உரிமையன்று.

2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த கதையை இவ்விதழ் படிக்கும் பெற்றோர் எங்களைவிட நன்கு அறிவர். நாங்கள் அப்போது பிறக்கவேயில்லை. இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011ஆம் ஆண்டு கூறியது. அந்த மாதங்களில் பாதுகாப்புச் சபை இதைத் தன் முறையான விவாதப் பட்டியலில் சேர்க்கவேயில்லை. போர் முடிந்த அதே மே மாதம் 27ஆம் நாள் மனித உரிமைக் குழு ஜெனீவாவில் கூடி, இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், இந்தியா எல்லாரும் ஒரே பக்கம்! மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். கொழும்பு தன் போட்டியாளன் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்ற கவலை ஒவ்வொருவருக்கும் இருந்தது என்றே நாங்கள் கருதுகிறோம். அந்தப் போட்டி ஓயவுமில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017ஆம் ஆண்டு சீனக் கம்பெனிக்குக் குத்தகையாயிற்று; அதுவும் 99 ஆண்டுகள்தாம். (இந்த 99 என்ற எண்ணில் வல்லரசுகளுக்கு என்ன மோகமோ!) 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்ற சீன ஆய்வுக்கப்பல் அங்கே வந்து நின்றபோது நம் நாடு கவலை தெரிவித்தது.

நம்மைப் பற்றியும் சொல்லாவிட்டால் எங்கள் கட்டுரை பாதிக் கட்டுரையே. நாமும் இன்று சிறிய நாடு அல்லோம். 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு கைமாறிய கடிதங்களில் திரிகோணமலைத் துறைமுகத்தை வேறு நாடுகள் இந்தியாவின் நலனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று நாம் வாக்குறுதி வாங்கினோம். அமைதி காக்க என்று சென்ற நம் படை போரிட நேர்ந்து, 1990ஆம் ஆண்டு திரும்பியது. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் விமானப் பிரிவு தொடங்கப்பட்டது, இதே கடலைக் காக்க. காவல் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். தாம்பரம் விமானப்படை நிலையத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் பறந்தால் இன்றும் ஜன்னலுக்கு ஓடுகிறோம். ஆசிரியை அதட்டிய பிறகே அமர்கிறோம். ஆனால் வல்லரசு ஆவதற்கு நாம் காட்டும் ஆசையில் பாதியளவேனும் விதியைக் காப்பதில் காட்டுகிறோமா என்ற ஐயம் எங்களுக்கு உண்டு.

அப்படியானால் விதிகளால் ஒரு பயனும் இல்லையா? பட்டிமன்றத்தில் வலிமை அணியே வெல்லும் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, விதி அணியின் கடைசிப் பேச்சாளர் எங்கள் ஊர்த் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினாள். கோடையில் லாரி வந்து நின்றால் குடங்கள் வரிசையாக வைக்கப்படும். யாராவது வலுத்த குரல்காரி இடையில் நுழைவாள். நாலு குடம் முந்திப் போகும். எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் ‘வரிசையே வேண்டாம், முடிந்தவர் பிடித்துக் கொள்ளட்டும்’ என்று எந்தப் பெண்ணாவது சொல்லியிருக்கிறாளா? வரிசை கெட்டால் வலுத்தவளுக்கு நட்டமில்லை. கடைசியில் நிற்கும் கிழவிக்குத்தான் ஒரு குடமும் கிடைக்காது. வரிசையை அதிகம் மீறுகிறவர்கள் வலியவர்கள். வரிசை அதிகம் தேவைப்படுகிறவர்கள் எளியவர்கள். சிறிய இலங்கை அமைதி மண்டலம் கேட்டதும், பின்னர் அந்த இலங்கையிலிருந்தே தப்பி வந்தவர்கள் அகதிகள் உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி அடைக்கலம் கேட்டதும் ஒரே காரணத்தால்தான்.

ஞானோபதேச வகுப்பில் நாங்கள் படித்த கைம்பெண்ணின் உவமையும் இதுவே. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத ஒரு நடுவனிடம் அவள் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்டாள். நடுவன் கெட்டவன் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக நீதிமன்றத்தை இடித்துவிடச் சொல்லவில்லை. தொல்லை தாங்காமல் அவன் தீர்ப்பளித்தான். பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட உலக அமைதி பற்றிய சுற்றுமடலில், மனிதகுலம் முழுவதன் பொதுநலனைப் பேண இன்றைய அமைப்புகள் போதவில்லை என்று ஒப்புக்கொண்ட பின்னும், ஐ.நா. சபை அப்பணிக்கு ஏற்றதாய் வளர வேண்டும் என்றே விரும்பினார். கியூபாவில் ஏவுகணைகளை முன்னிட்டு உலகம் அழிவின் விளிம்பிற்குப் போய் வந்து ஆறு மாதங்கூட ஆகியிருக்கவில்லை.

டியேகோ கார்சியாத் தமிழர்களும் அந்தக் கைம்பெண்ணைப் போலத்தான் கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தார்கள். தள்ளிப்போன விசாரணை 2024 செப்டம்பரில் அத்தீவிலேயே நடந்தது. டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களைத் தீவில் அடைத்து வைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிபதி அதே மாதம் தீர்ப்பளித்தார். இழந்த மூன்று ஆண்டுகளைத் தீர்ப்பு திருப்பித் தராது. பெரிய படைத்தளம் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் விதி என்று ஒன்று ஏட்டில் இல்லாதிருந்தால் வழக்குப் போடவே வழியில்லாது போயிருக்கும்.

பட்டிமன்றம் முடிந்ததும் சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார். பெரிய நாடுகள் திருந்தட்டும் என்று நாம் கோவிலம்பாக்கத்தில் உட்கார்ந்து தீர்மானம் போட்டு என்ன பயன்? நம் நாடு செய்யக்கூடியது ஒன்றைப் பற்றி வாக்கெடுப்போம் என்றார். ‘1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட வேண்டும்’ என்பதை எடுத்துக்கொண்டோம். வகுப்பில் அன்று வந்திருந்தவர் 44 பேர். ஆதரவாக 29 பேர் கை தூக்கினோம். எதிர்த்தவர் 9 பேர். ஆறு பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை, அவர்களைப் பார்த்து, “நீங்கள் என்ன, பெரிய வல்லரசுகளா?” என்று சிஸ்டர் கேட்க, வகுப்பே சிரித்தது.

எதிர்த்த ஒன்பது பேரின் காரணத்தையும் எழுதுவதே முறை. ஊரில் இருக்கிறவர்களுக்கே தண்ணீர் லாரி வாரம் இருமுறைதான் வருகிறது. உரிமை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நாளை எத்தனை குடம் வைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி, மன்னாரிலிருந்து வந்த பாட்டியின் வீட்டுக்கு எங்களோடு வந்து தேநீர் குடித்தவள். அவளோடு நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.